இறங்கும் சீட்டு, ஏறாத ரிப்போர்ட்

சேர்வராயன் மலையில் நோய் முற்றினால் ஒரே திசைதான்: கீழே. காய்ச்சல் விடாமல் அடித்தாலும், பிரசவம் சிக்கலானாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போக வேண்டும். இறங்கும்போது நோயாளியின் கையில் மலை டாக்டர் எழுதிக் கொடுத்த ஒற்றைச் சீட்டு இருக்கும். பிழைத்து ஏறி வரும்போது ஒரு பை இருக்கும். மஞ்சப்பையோ துணிக்கடைப் பையோ, உள்ளே இருப்பது ஒன்றுதான்: எக்ஸ்ரே படம், ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், பில்லோடு சேர்த்து மடித்த பஸ் டிக்கெட்.

சேலம் பெரியாஸ்பத்திரிக்கும் மலைக்கும் நடுவில் இத்தனை காலமும் ஓடிய தபால் அந்தப் பைதான். தபால்காரரும் நோயாளியே.

தபால் சேதமில்லாமல் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஈசிஜி வருவது சூட்டில் எழுத்து விழுகிற தாளில். நாளாக ஆக அது மங்கிப்போகும். கெட்டுப்போகக் கூடாதென்று அக்கறையாக லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அந்த மெஷினின் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும், இதயத்தின் கோடும் கறுப்புக்குள் போய்விடும். ஈசிஜி எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏற்காட்டின் மழைக்கால ஈரம் எக்ஸ்ரே படங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இவ்வளவையும் தாண்டிப் பை வந்து சேர்ந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“பெரியாஸ்பத்திரில என்னம்மா சொன்னாங்க?”

“எல்லாம் அதுலயே எழுதியிருக்குதுங்க சார்.”

“மாத்திரை எதுனா மாத்தினாங்களா?”

“வெள்ளை மாத்திரைய நிறுத்திட்டு வேற வெள்ளை மாத்திரை குடுத்தாங்க.”

எந்த வெள்ளையை நிறுத்தினார்கள், எந்த வெள்ளையைத் தொடங்கினார்கள் என்று தேடப் பையைத் தலைகீழாகக் கொட்ட வேண்டும். வெளியே வரிசையில் இன்னும் ஐம்பது பேர் காத்திருப்பார்கள்.

அந்தக் காலம் இதைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பரிசோதனை முடிவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் தொல்லை அன்றைக்கு இல்லை. காரணம் எளிது: அனுப்பும் அளவுக்குப் பரிசோதனையே இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். எஸ்டேட்டுகள் பெருகின, கூலியாட்கள் வந்தார்கள். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. தோட்டப் பகுதிகளில் ‘ஆஸ்பத்திரி’ என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் அலமாரி, ஒரு கம்பவுண்டர். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் நிறைய இருக்கிறது. பரிசோதிப்பவர், முடிவைப் படிப்பவர், மருந்து கொடுப்பவர் மூவரும் ஒரே ஆள். நோயாளியும் எதிரிலேயே உட்கார்ந்து நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரிசோதனையை அந்த அறையைவிட்டு நகர்த்திய முதல் நோய் மலேரியா என்று நினைக்கிறேன். காய்ச்சல் கண்ட வீட்டில் சுகாதார ஊழியர் விரலில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துப் போவார். அது மைக்ராஸ்கோப் இருக்கும் இடத்துக்குப் போய், வரிசையில் நின்று, முடிவு திரும்பி வர நாள் கணக்காகும். அதுவரை காத்திருக்க முடியாது என்று தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்திலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். ரத்தம் எடுத்த கையோடு, மலேரியாதான் என்று வைத்துக்கொண்டு, குளோரோகுயின் மாத்திரையைக் கொடுத்துவிடுவது. ரிப்போர்ட் தாமதமாகத்தான் வரும் என்பது சிகிச்சை முறைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

பிறகு பரிசோதனைகள் நுட்பமாயின. நுட்பமாக ஆக அவை மலையைவிட்டு விலகிப் போயின. கிரியாட்டினின், தைராய்டு, திசுப் பரிசோதனை, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் சேலத்தில். 1986-ல் தொடங்கிய மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ஒரு மலைவாசியின் உடம்பைப் பற்றி இன்றைக்குத் தெரியவரும் அளவுக்கு அவருடைய பாட்டனின் உடம்பைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தனையும் தெரிந்தவர்கள் கீழே இருக்கிறார்கள். தினமும் அவரைப் பார்க்கப்போகிறவர்கள் மேலே இருக்கிறார்கள். பரிசோதனை முடிவைப் பகிர்ந்துகொள்வது என்ற கவலையே இந்த முன்னேற்றம் பெற்றெடுத்ததுதான்.

கணினி வந்ததும் இது தீர்ந்திருக்க வேண்டும். பாதி தீர்ந்தது. எந்தப் பாதி என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2008-ல் தமிழக அரசு கர்ப்பிணிகளுக்கென்று பிக்மி என்ற பதிவேட்டைக் கணினியில் தொடங்கியது. கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊரில் எல்லோரும் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவர், கர்ப்பிணியின் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், எடை என்று ஒவ்வொன்றையும் அதில் ஏற்றுவார். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். 2017 முதல் அந்த எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்று ஆனபின் பதிவேட்டுக்கு வெளியே எந்தக் கர்ப்பிணியும் நிற்க முடியவில்லை. காசநோய்க்கு 2012-ல் நிக்ஷய் வந்தது. சளியில் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால், நோயாளி எந்த ஊர்க்காரரோ அந்த ஊருக்குப் பொறுப்பான சுகாதார நிலையத்தின் கணக்கில் அவர் பெயர் விழுகிறது. மாத்திரை வாங்க வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்க் கேட்க ஆள் இருக்கிறது. எங்கே பரிசோதித்தாலும் முடிவு வீட்டுக்கு அருகில் இருப்பவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை இந்த நாட்டில் ஓரளவு செய்து காட்டியது இந்தக் காசநோய்க் கணக்கேடுதான்.

மாரடைப்புக்கு வேறொரு தடம். சிறிய ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியைப் பெரிய ஆஸ்பத்திரியின் இதய மருத்துவருக்குக் கணினி வழியே அனுப்பி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டுப் பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றும் முறையைத் தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சோதித்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது என்று அமெரிக்க இதயவியல் இதழில் 2017-ல் கட்டுரை வந்தது. மலைச்சாலையில் ஒரு மணி நேரம் இறங்க வேண்டியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடார்வாஸ்டாடின் 8. அதையும் ஈசிஜியைப் பார்த்துவிட்டுத்தான். கீழே இருக்கும் மருத்துவரின் வாட்ஸாப்பில் போய் விழுகிற ஈசிஜி படம் இன்றைக்குத் தமிழ்நாட்டின் எழுதப்படாத மருத்துவ வலைப்பின்னல். எந்த அரசாணையிலும் இல்லாதது, எல்லா அரசாணையையும்விட வேகமானது.

கவனித்தால், ஓடுகிற தடங்களெல்லாம் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, நோயின் பெயரில் போட்ட தடம். கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கு ஒரு வழி, காசநோய் என்றால் ஒரு வழி. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருக்கிற 60 வயது காப்பித் தோட்டத் தொழிலாளிக்குப் பழைய மஞ்சப்பைதான் வழி. இன்னொன்று, மேல்நோக்கிப் போகும் தடம். சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து பெரியதற்கு, வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து சென்னைக்கு. திரும்பி வரும் தடத்தை யாரும் போடவில்லை. மருத்துவரிடமிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் தடம் மட்டும் ஜோராக ஓடுகிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகத் தொடரும் ஏற்பாட்டில், முன் அனுமதி கேட்கும்போதே ஆஞ்சியோகிராம் முதல் ரத்த முடிவுவரை கணினியில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் பணம் வராது. ஆக, ஏற்காட்டுக்காரர் ஒருவரின் இதயக் குழாய் எத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்பது காப்பீட்டு அலுவலகத்தில் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அவருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை கொடுக்கப்போகிற மலை டாக்டருக்குப் பை வந்தால்தான் தெரியும். பணம் போக வேண்டிய பாதை என்றால் எப்படியும் போட்டுவிடுகிறோம்.

திரும்பி வரும் தடம் இல்லாததற்கு நிர்வாகக் காரணம் ஒன்றும் உண்டு. மலைக் கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வரும். ஏற்காடு அரசு மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ். சேலம் பெரியாஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். ஒரு கிரியாட்டினின் முடிவு சேலத்திலிருந்து மலையிலுள்ள நாகலூர் போய்ச் சேர வேண்டுமானால் முப்பது நாற்பது கிலோமீட்டரையும் ஓர் இயக்குநரகத்தின் எல்லையையும் தாண்ட வேண்டும். இரண்டில் தூரம் சுலபம். உலக வங்கிக் கடனில் 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின் ஒரு கூறாகத்தான் அரசு மருத்துவமனைகளில் கணினிப் பதிவு வந்தது. பெரிய மருத்துவமனையின் உள்வேலைக்கு அது பயன்படும். பொது சுகாதாரத் துறைக்குத் தன் பதிவேடுகள் வேறு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலில் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. நல்ல திட்டம். அதற்கும் தனிக் கணக்கு.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் டென்மார்க்கைத்தான் காட்டுவார்கள். 1994-ல் அங்கே மெட்காம் என்ற பொது அமைப்பை உருவாக்கினார்கள். ஆய்வக முடிவு, டிஸ்சார்ஜ் கடிதம், மருந்துச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் நாடு முழுக்க ஒரே வடிவம். மருத்துவமனையில் கடிதம் தயாரானதும் அது குடும்ப மருத்துவரின் கணினிக்குப் போய்விடும். அவர் கேட்க வேண்டியதில்லை, நோயாளி சுமக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைக்கு இன்டர்நெட்டே சரியாகக் கிடையாது, வணிக நிறுவனங்கள் பில் அனுப்பப் பயன்படுத்திய செய்தி முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது வேறு: ஏறக்குறைய ஒவ்வொரு டேனிஷ்காரரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்தவர். கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்ற கேள்வியே எழவில்லை.

நம்மூரில் குடும்ப டாக்டர் என்றால் கைராசி. இன்றைக்கு இவர், அவருக்கு வயதானபின் அடுத்த தெருவில் இன்னொருவர், அவசரத்துக்கு மருந்துக்கடைக்காரர். எங்கும் பதிவு கிடையாது. சேலம் ஐந்து ரோட்டில் ஒருவரை நிறுத்தி, உங்கள் ரிப்போர்ட்டை எந்த டாக்டருக்கு அனுப்பட்டும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பத்துப் பேரைக் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள், நாலு பேர் என் போனுக்கே அனுப்பிவிடுங்கள் என்பார்கள்.

மலையில் அப்படி இல்லை. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு 5,326 அடி உயரத்தில் இருக்கும் அந்த மேட்டில் மலையே கூடும். குகைபோலத் தாழ்ந்த வாசலுக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு வெளியே வரும் மலைவாசி எவரையும் கேளுங்கள். எந்த ஊர் என்று தெரிந்தால் எந்தத் துணை சுகாதார நிலையம், எந்த நர்ஸம்மா, எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று தெரிந்துவிடும். அரசாங்க விதியே அப்படித்தான் இருக்கிறது: சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையில் 20,000 பேருக்கு ஒன்று, 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்றால் மலையில் 3,000 பேருக்கு ஒன்று. தனியார் கிளினிக்குகள் ஏற்காடு டவுனைவிட்டு வெளியே அதிகம் போவதில்லை. வேறு வழியில்லாததால் வந்த உறவுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் டென்மார்க்குக்கு வாய்த்த அந்த ஒன்று, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு மருத்துவ முகவரி, சேலம் டவுனைவிடச் சேர்வராயன் மலைக்குத்தான் வாய்த்திருக்கிறது. புதிய ஏற்பாடுகள் எப்போதும் நகரத்தில் தொடங்கி மெல்ல மலையேறும். இது மலையில் தொடங்கி இறங்க வேண்டியது.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27-ல் தொடங்கியது. அதன் 14 இலக்க ஆபா எண்ணைப் பற்றி ஓ.பி. சீட்டு வரிசையில் இப்போது பேச்சு அடிபடுகிறது. அதன் அமைப்பு வேறு மாதிரி. பதிவு எங்கே உண்டானதோ அங்கேயே இருக்கும். வேறொரு டாக்டருக்கு வேண்டுமென்றால் அவர் கேட்க வேண்டும். நோயாளி போனில் சம்மதம் சொல்ல வேண்டும். பிறகு பதிவு பூட்டிய உறைக்குள் வருவதுபோலக் குறியாக்கம் செய்யப்பட்டு வரும். ரகசியத்தைக் காக்க நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டென்மார்க்கில் முடிவு கேட்காமலே வருகிறது, இங்கே கேட்டால்தான் வரும். கேட்பதற்கு முதலில் கீழே ஒரு முடிவு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன மகனிடம் இருக்கிறது. நம்பர் அவனுடையது, ஓ.டி.பி. அவனுக்குப் போகும். அவன் ஷிப்டில் இருப்பான். போன் கையிலேயே இருந்தாலும், பள்ளத்தில் இருக்கும் ஊர்க்காரர் டவர் தேடி மேட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

சம்மதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. மலைக் கிராமத்தில் நர்ஸம்மாவுக்கு எல்லோரும் தெரிந்தவர்கள். ஒரு வீட்டுக்கு அவர் இரண்டு முறை போனால் தெரு கேள்வி கேட்கும். 2023 ஜூலை 1-ல் தொடங்கிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தைப் பாருங்கள். தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1952-ல், நம்முடைய நீலகிரியில். ஒரே ஒரு முறை சோதித்தால் ஆயுளுக்கும் மாறாத முடிவு. டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். அதே முடிவு ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சுக்கு நடுவிலும் வந்து நிற்கக்கூடும். எச்.ஐ.வி. முடிவுக்குச் சட்டப் பாதுகாப்பே தனியாக உண்டு: 2017-ன் சட்டப்படி சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் வெளியிட முடியாது. எது தானாக மலையேற வேண்டும், எது கேட்டபின் மட்டும் ஏற வேண்டும் என்று பிரித்து வைப்பது மென்பொருள் எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லாம் வந்து குவிந்தால் யார் படிப்பது? இங்கிலாந்தில் ஆய்வக முடிவுகள் குடும்ப மருத்துவரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. அங்கே வைத்திருக்கும் நெறி தெளிவானது: பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த டாக்டர்தான் அதன் முடிவைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் பொறுப்பாளி. அனுப்பிவிட்டேன், இனி உன் பாடு என்று கைகழுவ முடியாது. நம் ஆஸ்பத்திரிகளில் இந்த நெறியைச் சொல்லி வைக்காமல் கம்பியை மட்டும் இழுத்தால், நாற்பது பக்க ரிப்போர்ட் நாகலூர் கணினியில் வந்து உட்கார்ந்திருக்கும், திறக்க ஆளிருக்காது. மருந்தில் என்ன மாற்றினோம், எந்த முடிவு சரியில்லை, அடுத்து என்றைக்கு எதைச் சோதிக்க வேண்டும். மலை டாக்டருக்கு வேண்டியது இந்த மூன்று வரிதான். படம் வேண்டுமென்றால் பிறகு கேட்டுக்கொள்வார்.

பரிசோதனைகளின் பெயரும் ஓர் இடைஞ்சல்தான். ஓர் ஆய்வகத்தில் ‘ஆர்.பி.எஸ்.’, இன்னொன்றில் ‘குளுக்கோஸ் ரேண்டம்’, மற்றொன்றில் வெறும் ‘சுகர்’. மனிதனுக்குப் புரியும், மெஷினுக்கு மூன்றும் வேறு. இதற்காகவே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 1994-ல் லாய்ங்க் என்ற பொதுக் குறியீட்டுப் பட்டியல் தொடங்கப்பட்டது. இந்திய அரசும் 2013-லும் 2016-லும் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளில் அதைத்தான் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாக இருக்கிறது.

இத்தனைக்கும் தொடக்க வேலை சிறியது. பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும்போது பெயர், வயது, ஊர் மூன்றையும் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். ஏற்காடு தாலுகாவில் 67 கிராமங்கள். எந்தக் கிராமம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்தது என்பது பொது சுகாதாரத் துறையிடம் தயாராக இருக்கிறது. அந்த 67 வரி அட்டவணையைச் சீட்டு போடும் கணினிக்குள் வைத்துவிட்டால், டிஸ்சார்ஜ் அன்று அந்த மூன்று வரி எங்கே போக வேண்டும் என்று கணினிக்கே தெரியும். நோயாளியிடம் அப்போதே நேருக்கு நேர் சம்மதமும் வாங்கிக்கொள்ளலாம், ஓ.டி.பி. தேவையில்லை. மஞ்சக்குட்டையையும் கொண்டையனூரையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தட்டுவார்கள் என்பதுதான் முதல் மாதத்துத் தலைவலியாக இருக்கும். தமிழிலேயே தட்டினால் அதுவும் இருக்காது.